எல்இடி எரிகிறது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை: கையால் கட்டிய யூஎஸ்பி சர்க்யூட்டில் பிழை தேடுவது எப்படி?

டாட் போர்டில் யூஎஸ்பி சர்க்யூட்டைக் கட்டி முடித்தாயிற்று. கேபிளைச் செருகினால் சிவப்பு எல்இடி எரிகிறது. ஆனால் விண்டோஸ் “அடையாளம் தெரியாத யூஎஸ்பி சாதனம்” என்று மூலையில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “டிரைவர் பிராப்ளம்ப்பா.” அன்றைய பொழுது டிரைவர் தேடுவதிலேயே போய்விடும்.

ஒன்று செய்து பாருங்கள். மைக்ரோகண்ட்ரோலரை ஐசி பேஸிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, காலி பேஸோடு அதே கேபிளைச் செருகுங்கள். பெரும்பாலான வீட்டுச் சர்க்யூட்களில் அதே செய்திதான் வரும். சிப்பே இல்லாத போர்டுக்கு எந்த டிரைவரைப் போடுவது?

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் கம்பியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், பிழை இருக்கும் இடத்தை ஒரு மல்டிமீட்டரை வைத்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

## எந்தச் சர்க்யூட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

மைக்ரோகண்ட்ரோலர் என்றால் புரோகிராம், நினைவகம், உள்ளே வெளியே போகும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கம்ப்யூட்டர். பொழுதுபோக்காகச் செய்பவர்களிடமும் கல்லூரி புராஜெக்ட்களிலும் அதிகம் புழங்குவது ஏடிமெகா328பி. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 வரையிலான போர்டுகளில் இருக்கும் அதே சிப். அதற்குள் யூஎஸ்பி வசதி கிடையாது. ஊனோ போர்டில் அந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சிப் இருக்கிறது.

அந்தத் தனிச் சிப் இல்லாமல், யூஎஸ்பி பேச்சை புரோகிராமே பேசும்படி செய்வதற்கு வி-யூஎஸ்பி என்ற இலவச மென்பொருள் தொகுப்பு உண்டு. வெளியே வைக்க வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: 68 ஓம் ரெசிஸ்டர் 2, 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் 1, 3.6 வோல்ட் ஜீனர் டையோடு (வோல்டேஜ் அந்த அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பது) 2, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 1, 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் 2, 100 நானோஃபாரட் 2, 4.7 மைக்ரோஃபாரட் 1, ரீசெட் காலுக்கு 10 கிலோஓம் 1, 28 கால் ஐசி பேஸ், யூஎஸ்பி சாக்கெட். மதுரையில் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் எல்லாம் கிடைத்துவிடும். 100 நானோஃபாரட்டை “104 டிஸ்க்” என்று கேளுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

## யூஎஸ்பியில் கம்ப்யூட்டர்தான் வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் கேட்காமல் பையன் வாயைத் திறக்கக் கூடாது. புதுப் பையன் வந்தால் முதலில் எழுந்து நிற்கிறான். வாத்தியார் அவனைப் பார்த்து “யாருப்பா நீ, பெயரென்ன?” என்கிறார். அவன் சொன்ன பிறகு ஒரு வரிசை எண் தருகிறார். அடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டால் அவன் “உள்ளேன் ஐயா” என்று உடனே சொல்ல வேண்டும்.

யூஎஸ்பியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் கேட்கும், சாதனம் பதில் சொல்லும். சாதனம் தானாக எதையும் அனுப்பாது. செருகியதும் நடப்பதில் நான்கு கட்டங்கள் உண்டு. மின்சாரம் வருகிறது. சாதனம் எழுந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் பெயர் கேட்க, சாதனம் பதில் சொல்கிறது. பெயர் தெரிந்த பிறகு, அதைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளைக் கம்ப்யூட்டர் தேடுகிறது. இந்தக் கடைசி மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

“அடையாளம் தெரியாத சாதனம்” என்றால் இரண்டாம் கட்டம் முடிந்து மூன்றாவதில் சிக்கிவிட்டது என்று அர்த்தம். எழுந்து நின்றவனைப் பார்த்தாயிற்று. பெயர் கேட்டால் பதில் இல்லை. டிரைவர் நான்காம் கட்டத்துச் சமாச்சாரம், அது இன்னும் மேடைக்கே வரவில்லை. ஆக, எரிச்சலூட்டும் அந்தச் செய்தி உண்மையில் பாதி நல்ல செய்தி. செருகினால் எந்தச் சத்தமும் செய்தியும் இல்லாமல் இருப்பதுதான் அதைவிட மோசம்.

## முதல் கட்டம்: மின்சாரம்

யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு கம்பிகள்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், தகவல் போய்வரும் வெள்ளை டி−, பச்சை டி+. எல்இடிக்குச் சிவப்பும் கறுப்பும் போதும். எல்இடி எரிவது மற்ற இரண்டைப் பற்றி எதுவுமே சொல்லாது. மலிவான சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் அந்த இரண்டு கம்பியும் இருக்கவே இருக்காது. போனை அந்தக் கேபிளில் இணைத்து ஃபைல் அனுப்ப முடிகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை. பழைய கேபிளை வெட்டிப் பயன்படுத்தினால் நிறத்தை நம்ப வேண்டாம். மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துப் பிளக்கின் காலிலிருந்து கம்பி முனை வரை பாருங்கள். ஏ வகைப் பிளக்கில் கால் வரிசை 5 வோல்ட், டி−, டி+, கிரவுண்ட்.

கம்ப்யூட்டரில் செருகுவதற்கு முன்பே, சிப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டி+, டி− இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. டாட் போர்டில் இவை அடுத்தடுத்த துளைகளில் வருவதால், ஈயம் கொஞ்சம் வழிந்தாலே ஒட்டிக்கொள்ளும். லேப்டாப்பில் நேராகச் செருகாமல், நடுவே ஒரு மலிவான யூஎஸ்பி ஹப் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்; போனால் ஹப்போடு போகட்டும்.

செருகியபின் சிப்பின் காலிலேயே மீட்டரை வையுங்கள், சாக்கெட்டில் வேண்டாம். ஏடிமெகா328பியில் 7ஆவது காலும் 20ஆவது காலும் 5 வோல்ட். 8, 22 கிரவுண்ட். 20ஆவது காலை அனலாக் பகுதிக்குத்தானே என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அதையும் கட்டாயம் இணைக்க வேண்டும். மீட்டர் 4.75க்கும் 5.25க்கும் நடுவே காட்டினால் நல்லது; ஹப் வழியாக வந்தால் கொஞ்சம் குறையலாம். 104 கெப்பாசிட்டர் இரண்டும் இந்தக் கால்களை ஒட்டியே இருக்க வேண்டும். போர்டின் மறுமூலையில் இருந்தால் வைத்தும் பலனில்லை. 5 வோல்ட் லைனில் மொத்தமாக 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் போடாதீர்கள் என்பது யூஎஸ்பி விதி. செருகும் கணத்தில் பெரிய கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்ட், போர்ட்டின் வோல்டேஜையே கீழே தள்ளிவிடும்.

## இரண்டாம் கட்டம்: எழுந்து நிற்பது

எழுந்து நிற்கும் வேலையைச் செய்வது அந்த ஒரே ஒரு 1.5 கிலோஓம் ரெசிஸ்டர். கம்ப்யூட்டர் பக்கத்தில் டி+, டி− இரண்டும் சுமார் 15 கிலோஓம் வழியாக கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். எதுவும் செருகாதபோது இரண்டும் பூஜ்யம். சாதனத்தின் 1.5 கிலோஓம் ஒரு கம்பியை மேலே இழுத்தால், 15 கிலோஓமால் அதைக் கீழே வைத்திருக்க முடியாது. கம்பி ஏறுகிறது, கம்ப்யூட்டர் “யாரோ வந்திருக்கிறார்கள்” என்று அறிகிறது. இப்படி மேலே இழுக்கும் ரெசிஸ்டருக்குப் புல்-அப் என்று பெயர். இதற்குச் சிப்பே தேவையில்லை. காலி பேஸோடு செருகினாலும் செய்தி வருவது அதனால்தான்.

எந்தக் கம்பி ஏறுகிறது என்பதும் முக்கியம். டி− ஏறினால் நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் பேசும் சாதனம். இதை லோ-ஸ்பீடு என்பார்கள். டி+ ஏறினால் நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட், இது ஃபுல்-ஸ்பீடு. வி-யூஎஸ்பிக்குத் தெரிந்தது லோ-ஸ்பீடு மட்டும். ஆகவே புல்-அப் டி−இல் இருக்க வேண்டும்.

இப்போது மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்புமுனையை கிரவுண்டில் வைத்துக்கொண்டு, டி−ஐத் தொடுங்கள். சிப் பேஸில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரிலோ ஹப்பிலோ செருகித்தான் அளக்க வேண்டும். போன் சார்ஜரில் செருகி அளக்காதீர்கள். பல சார்ஜர்களுக்குள் டி+, டி− இரண்டையும் சேர்த்தே கட்டியிருப்பார்கள், அளவு குழப்பிவிடும்.

டி− 3 வோல்ட் சுற்றிக் காட்டி, டி+ பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எல்லாம் சரி.

டி− 4.5 வோல்ட் காட்டினால் ஜீனர் வேலை செய்யவில்லை. ஒரு கால் சரியாகப் பற்றவில்லை, அல்லது ஜீனரை வைக்கவே மறந்திருக்கிறது. இந்த 4.5 எங்கிருந்து வந்தது? 5 வோல்ட்டை 1.5க்கும் 15க்கும் பங்கு போட்டால் 15இன் பங்கு அதுதான். யூஎஸ்பி தகவல் கம்பிகள் 3.6 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, எனவே இதை அப்படியே விடாதீர்கள்.

0.7 வோல்ட் காட்டினால் ஜீனர் தலைகீழ். கறுப்புக் கோடு போட்ட முனை டி− பக்கம் இருக்க வேண்டும், கிரவுண்ட் பக்கம் அல்ல. ஜீனரைச் சாதா டையோடு போல நினைத்து வைப்பவர்கள் தவறாமல் செய்வது இது.

2.5 வோல்ட் காட்டினால் ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் பாருங்கள். பழுப்பு, பச்சை, சிவப்பு என்றால் 1.5 கிலோஓம். பழுப்பு, பச்சை, ஆரஞ்சு என்றால் 15 கிலோஓம். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். ரெசிஸ்டரை வைப்பதற்கு முன் மீட்டரில் அளந்துவிடுங்கள். மதிப்பு தப்பான புல்-அப்பில் ஒரு வம்பு உண்டு: ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. ப்ளூ பில் என்று அழைக்கப்படும் மலிவான எஸ்டிஎம்32 போர்டுகள் பலவற்றில் 1.5 கிலோஓமுக்குப் பதில் 10 கிலோஓம் வைத்தே விற்பனைக்கு வந்தன. அவையும் இதே மாதிரிதான் கண்ணாமூச்சி ஆடும்.

டி− பூஜ்யம், டி+ 3 வோல்ட் என்றால் கம்பிகள் இடம் மாறிவிட்டன. லினக்ஸ் கெர்னல் பதிவில் இதை எழுத்திலேயே பார்க்கலாம்: “நியூ லோ-ஸ்பீடு” என்று வர வேண்டிய இடத்தில் “நியூ ஃபுல்-ஸ்பீடு” என்று வரும். கம்ப்யூட்டர் எட்டு மடங்கு வேகத்தில் பேச, சிப்புக்கு ஒன்றும் புரியாது.

இரண்டும் பூஜ்யம் என்றால் புல்-அப்பின் ஏதோ ஒரு முனை காற்றில் நிற்கிறது, அல்லது கேபிளில் தகவல் கம்பியே இல்லை.

ஜீனர் வாங்கும்போது “அண்ணே, 3.6 ஜீனர், அரை வாட்” என்று சொல்லி வாங்குங்கள். ஒரு வாட் ஜீனர், அதாவது 1என்4729, உருவில் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வலுவானது நல்லதுதானே என்று தோன்றும், இங்கே கெடுதல். அதனுள் இயல்பாகவே கெப்பாசிட்டன்ஸ் அதிகம், வேகமாக ஏறி இறங்கும் சிக்னலின் முனைகளை மழுக்கிவிடும். 3.6 இல்லை என்று 3.3 கொடுத்தாலும் வாங்காதீர்கள். இவ்வளவு குறைந்த கரண்டில் ஜீனர்கள் எழுதியிருக்கும் வோல்டேஜுக்குக் கீழேயே கடத்தத் தொடங்கிவிடும், 3.3 ஜீனரில் சிக்னல், தேவையான 2.8 வோல்ட்டை எட்டாமல் போகலாம்.

இதுவரை பார்த்ததற்குக் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளும் வேண்டியதில்லை, சிப்பில் புரோகிராமும் வேண்டியதில்லை. 5 வோல்ட் சரி, டி− 3 வோல்ட் சரி, டி+ பூஜ்யம் சரி என்ற பிறகுதான் சிப்பைப் பேஸில் வைக்க வேண்டும்.

## மூன்றாம் கட்டம்: பதில் சொல்வது

பெரும்பாலான சர்க்யூட்கள் படுத்துக்கொள்வது இங்கேதான்.

எழுந்து நின்ற சாதனத்தைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் இரண்டு கம்பிகளையும் குறைந்தது 10 மில்லிசெகண்ட் பூஜ்யத்தில் பிடித்து ரீசெட் செய்கிறது. பிறகு பெயர் கேட்கிறது. பதிலாக வர வேண்டியது 18 பைட் கொண்ட ஒரு சிறு விவரத் தொகுப்பு. இதற்கு டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்று பெயர். தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன.

லோ-ஸ்பீடில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மைக்ரோசெகண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது சரியாக 8 துடிப்பு. அந்த எட்டுக்குள் புரோகிராம் கம்பியைப் பார்த்து, பூஜ்யமா ஒன்றா என்று முடிவுசெய்து, சேர்த்து வைத்து, அடுத்த பிட்டுக்குத் தயாராக வேண்டும். தாளம் 1.5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர், அதாவது துடிப்பு தரும் பகுதி, தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 சதவீதம் வரை விலகியிருக்கலாம். அதனால்தான் வெளியே கிரிஸ்டல்.

கிரிஸ்டலைச் சால்டர் செய்துவிட்டால் மட்டும் போதாது. சிப்பிடம் “இனி அதைப் பயன்படுத்து” என்று சொல்ல வேண்டும். சொல்வது ஃப்யூஸ் பிட்கள் மூலம். எரிந்துபோகும் ஃப்யூஸ் இல்லை, சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சேமிக்கும் நினைவு அவ்வளவுதான். புது ஏடிமெகா328பியில் லோ ஃப்யூஸ் பைட் பதினாறடிமான எண்ணில் 62. அதன்படி சிப் உள் ஆசிலேட்டரின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து, வெறும் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அந்த வேகத்தில் ஒரு பிட்டுக்கு ஒரு துடிப்புகூடக் கிடைக்காது. புரோகிராமரை, அதாவது சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவியை வைத்து லோ ஃப்யூஸை எஃப்எஃப் ஆக்கினால் கிரிஸ்டலுக்கு மாறும். எழுதும் முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கிரிஸ்டல் சரியாக இணையாத நிலையில் மாற்றிவிட்டால், சிப் புரோகிராமருக்கும் பதில் சொல்லாது.

சரிபார்க்க எளிய வழி: எல்இடியை நொடிக்கு ஒருமுறை மினுக்கும் புரோகிராமை 12 மெகாஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்டு ஏற்றுங்கள். நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் சரி. 12 நொடிக்கு ஒருமுறை சோம்பலாக மினுக்கினால் ஃப்யூஸ் மாறவில்லை. கிரிஸ்டலின் தகரத்தில் 12.000 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வி-யூஎஸ்பி 16, 20 மெகாஹெர்ட்ஸ் போன்ற வேறு சிலவற்றையும் ஏற்கும், ஆனால் 8 கிடையாது. கிரிஸ்டல் எதுவோ, புரோகிராமில் எழுதிய வேகமும் அதுவாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். டி+ கம்பி 68 ஓம் வழியாக 4ஆவது காலுக்கு வர வேண்டும். கம்பியில் அசைவு தெரிந்தவுடன் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு யூஎஸ்பியைக் கவனிக்கச் சொல்லும் கால் அது. இந்தக் குறுக்கீட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். டி− சிப்பின் அதே போர்ட்டில், அதாவது அதே கால் தொகுப்பில், வேறொரு காலில், உதாரணமாக 6ஆவது காலில் இருக்கலாம், ஆனால் வி-யூஎஸ்பியின் கன்ஃபிக் ஃபைலில் அதே கால் எழுதப்பட்டிருக்க வேண்டும். வலையில் கிடைத்த சர்க்யூட் படம் ஒன்று, புரோகிராம் வேறொருவருடையது என்று எடுத்துச் சேர்ப்பவர்கள் இந்த ஃபைலைத் திறந்து பார்ப்பதே இல்லை.

வன்பொருள் எல்லாம் சரி, இன்னும் பேசவில்லை என்றால் புரோகிராமைப் பாருங்கள். வந்த கேள்வியை எடுத்துப் பதில் தயாரிக்கும் வி-யூஎஸ்பி ஃபங்ஷனைக் குறைந்தது 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையாவது கூப்பிட வேண்டும். புரோகிராம் திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப்பில் ஒரு நொடி டிலே போட்டிருந்தால் கதை முடிந்தது. 12 மெகாஹெர்ட்ஸில் இன்டரப்ட்களை 25 துடிப்புக்கு மேல் நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆர்டுயினோவுக்காக எழுதிய சென்சார் லைப்ரரிகள் சில, இதை எந்தக் கவலையும் இல்லாமல் மீறும். எனவே முதல் சோதனைக்கு வி-யூஎஸ்பியோடு வரும் எடுத்துக்காட்டுப் புரோகிராமை மட்டும் ஏற்றுங்கள். சென்சார், டிஸ்ப்ளே எல்லாம் பிறகு.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கெர்னல் பதிவு இங்கே நல்ல துணை. பிழை எண் −71 வந்தால், கேள்விக்குப் பதில் வரவே இல்லை அல்லது சிதைந்து வந்தது. கிரிஸ்டல், ஃப்யூஸ், ஜீனர், கம்பி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். −110 வந்தால் நேரம் முடிந்துபோனது. பெரும்பாலும் சாதனம் “இருங்க, சொல்றேன்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து கடைசிவரை சொல்லவில்லை. மெயின் லூப்பைப் பாருங்கள். விண்டோஸில் இவ்வளவு விவரம் கிடைக்காது. டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்று இருக்கும், ஹார்டுவேர் ஐடியில் தயாரிப்பாளர் எண் 0000 என்று இருக்கும். நான்கு பூஜ்யத்தைப் பார்த்தால் பெயர் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் தேடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நேராகச் செருகினால் ஓடாத சர்க்யூட் ஹப் வழியாக ஓடினால், அல்லது நீளக் கேபிளில் படுத்து அரை மீட்டரில் எழுந்தால், அது நல்ல சர்க்யூட் இல்லை, எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஜீனரின் வகையையும், பிரெட்போர்டில் தொங்கும் நீண்ட ஜம்பர் கம்பிகளையும் முதலில் மாற்றுங்கள்.

## வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கு

சிஎச்340ஜி என்ற யூஎஸ்பி-சீரியல் சிப்பை வைத்துக் கட்டுபவர்களுக்குப் புல்-அப், ஜீனர் தொல்லை இல்லை, எல்லாம் சிப்புக்குள்ளேயே. 5 வோல்ட்டில் ஓட்டினால் வி3 என்ற காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104 கட்டாயம் வேண்டும். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் அந்தக் காலைச் சப்ளையோடு சேர்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சிப் சூடாகாமல், எல்இடியும் எரிந்துகொண்டு, யூஎஸ்பி மட்டும் செத்திருக்கும்.

டைப்-சி சாக்கெட் வைத்தால் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் கிரவுண்டுக்குப் போட வேண்டும். போடாவிட்டால் ஏ-டு-சி கேபிளில் மின்சாரம் வரும், சி-டு-சி கேபிளில் வராது. ஒரே ரெசிஸ்டரில் இரண்டையும் சேர்த்துக் கட்டிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் போர்டுகளில் அப்படித்தான் இருந்தது. உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள்களில் அவை மின்சாரம் வாங்காமல் நின்றன.

## நான்காம் கட்டம்: இப்போது டிரைவர்

தயாரிப்பாளர் எண் நான்கு பூஜ்யமாக இல்லாமல், நீங்கள் புரோகிராமில் எழுதிய எண்ணாகவே தெரிந்தால் உங்கள் சர்க்யூட் ஜெயித்துவிட்டது. விண்டோஸில் மஞ்சள் முக்கோணமும் கோட் 28ம் இருந்தால் அதுதான் அசலான டிரைவர் பிரச்சினை. சாதனத்தின் பெயர் தெரிகிறது, கவனித்துக்கொள்ள ஆள் இல்லை. ஜாடிக் என்ற இலவசக் கருவியில் அந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து வின்யூஎஸ்பி டிரைவரைப் போடலாம். தேர்வுப் பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும்கூட வரலாம். எண்ணைச் சரிபார்க்காமல் பொத்தானை அழுத்தினால் கீபோர்டு போய்விடும். சாதனத்தைக் கீபோர்டு, மவுஸ் வகையாக, அதாவது எச்ஐடியாக எழுதியிருந்தால் இந்த வேலையே இல்லை, அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

லினக்ஸில் பெரும்பாலும் டிரைவர் கேட்காது, அனுமதி கேட்கும். கட்டளைக்கு முன் சுடோ (நிர்வாகி அனுமதியில் ஓட்டுவது) போட்டால் ஓடி, போடாமல் ஓடவில்லை என்றால் சர்க்யூட்டைத் தொடாதீர்கள். சாதனங்களுக்கான அனுமதியை முடிவுசெய்யும் யூடெவ் விதிகள் இருக்கும் ஃபோல்டரில் உங்கள் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு ஒரு வரி விதி எழுதி, கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் போதும்.